தூணுக்கு வேண்டாம், திண்ணைக்கு வேண்டும்: ஒரு பழைய வீட்டு மரத்துக்கு பெயிண்ட் அடிப்பதா என்று முடிவெடுத்த விதம்

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை வழியாகத் திருவையாறு போகும் சாலையில் ஒரு ஊரில் இருக்கிறது இந்த வீடு. முகப்புச் சுவரில் சுதையில் 1936 என்று போட்டிருக்கிறது. திண்ணை, நடை, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், கூடம், பின்னால் இரண்டாம் கட்டு, கொல்லை என்று டெல்டாவில் தெருவுக்குத் தெரு பார்க்கிற அமைப்புதான். அரண்மனை எல்லாம் இல்லை. கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடும்பம், கையில் காசு வரவரக் கட்டியது. அதனால் மரமும் வரவர வந்த மரம். வாசலுக்கும் கூடத்துக்கும் தேக்கு, உள் அறைகளுக்கு வேம்பும் மாவும், கொல்லைக் கதவுக்கு அன்றைக்கு எது கிடைத்ததோ அது.

பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது என் வேலை. இந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டது ஓடு மாற்றவும் சுவர் பூச்சு பார்க்கவும்தான். போன இடத்தில் பெரிய வேலையாக வந்து நின்றது மரத்துக்கு என்ன செய்வது என்ற பஞ்சாயத்து. மகன் சென்னையில் இருக்கிறார்; எல்லாக் கதவு, தூண், நிலைகளிலும் (கதவைத் தாங்கும் சட்டங்களிலும்) இருக்கிற பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மரத்தை மரமாகக் காட்ட வேண்டும், செட்டிநாட்டு வீடு மாதிரி வேண்டும் என்கிறார். மருமகள் அதற்கு நேர் எதிர்: பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கிறது, மரம் மொத்தத்துக்கும் வெள்ளை அடித்துவிடுங்கள், வீடு வீடாக இருக்கும் என்கிறார். உள்ளூர் பெயிண்டர் வழக்கம்போல் சாக்லேட் பிரவுன் எனாமலோடு தயாராக இருந்தார். பாலிஷ் கான்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மொத்த மரத்தையும் மெஷின் வைத்து இழைத்து பி.யூ. (பாலியூரித்தேன்) ஸ்பிரே அடித்தால் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிப் போயிருந்தார். அந்த வீட்டிலேயே தனியாக இருக்கிற எழுபத்தெட்டு வயது அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "வாசக் கதவு பச்சையாவே இருக்கட்டும் தம்பி, எங்க மாமனார் காலத்துலேர்ந்து பச்சைதான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதை அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த மாதிரிச் சண்டையில் ஒவ்வொருவரும் வீடு மொத்தத்துக்கும் ஒரே பதில் தேடுகிறார்கள், சிக்கலே அதுதான். ஒரு வீட்டுக்குள் நாலைந்து ஜாதி மரம் இருக்கும், ஒன்று வெயிலில் நிற்கும், ஒன்று புகையில் நிற்கும், ஒன்றை ஏற்கெனவே மூன்று தலைமுறை பெயிண்ட் மூடியிருக்கும், இன்னொன்றில் பெயிண்டே பட்டிருக்காது. இது எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவிலிருந்து பதில் வராது. நான் கேட்பது வேறு கேள்விகள்: இது என்ன மரம், இதன்மேல் தண்ணீரும் வெயிலும் எவ்வளவு விழுகிறது, இப்போது இதன்மேல் என்ன இருக்கிறது, அப்புறம் நாளைக்கு இதை யார் பார்த்துக்கொள்வார்கள். கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

முதலில் சுரண்டிப் பார்த்தோம்

வாசல் கதவு இரட்டைக் கதவு, இரண்டு அங்குல கனம். மூடினால் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, கீல் பக்கத்து விளிம்பில் ஓர் அங்குலச் சதுரத்தைக் கூர்மையான பிளேடால் படிப்படியாகச் சீவினேன். ஒரேயடியாக மரம் வரை போய்விடக் கூடாது. ஒவ்வொரு பூச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொண்டே இறங்கினால் எந்தக் காலத்தில் என்ன அடித்தார்கள் என்பது வரிசையாகத் தெரியும். மேலே கரும்பச்சை. அதற்கு அடியில் இலைப்பச்சை, இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு. எல்லாவற்றுக்கும் அடியில் மங்கலான ஒரு செம்பூச்சு, பழைய பிரைமர். அந்தச் செம்பூச்சு மரத்தின் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்திருந்தது. அதற்கும் மரத்துக்கும் நடுவில் பாலிஷோ வார்னிஷோ எண்ணெயோ எதுவும் இல்லை.

அதாவது இந்தக் கதவு கட்டிய நாளிலிருந்தே பெயிண்ட் அடித்த கதவு. அந்த அம்மா சொன்னது அப்படியே சரி, மாமனார் காலத்திலிருந்தே பச்சைதான். மகனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பழைய வீடு என்றால் மரம் மரமாகத்தான் இருந்திருக்கும், பெயிண்ட் எல்லாம் பின்னால் வந்த கெடுதல் என்பது இப்போது பரவலாக இருக்கிற நம்பிக்கை. செட்டிநாட்டு மாளிகைகள் ஹோட்டல்களாக மாறி, படங்கள் எல்லார் கைக்கும் வந்த பிறகு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் பெயிண்ட் உரித்த கதவுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்த பிறகு, எல்லா ஊர்ப் பழைய வீட்டையும் அந்தக் கண்ணால் பார்க்கிறோம். அங்கே பர்மாவில் வியாபாரம் செய்தவர்கள் பர்மாத் தேக்கை முழுத் தூண் தூணாக இறக்கிக் கட்டினார்கள், அந்த மரம் காட்டுவதற்காகவே வாங்கிய மரம். டெல்டாவில் நடுத்தரக் குடும்பம் தெருக்கதவுக்கு எனாமல் அடித்ததும் அதே அளவுக்குப் பழைய வழக்கம்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. இடது கதவின் கீழ்ப்பகுதியைத் தட்டினால் சத்தம் மாறியது, மேலே கணீரென்று இருந்தது கீழே மொத்தென்று விழுந்தது. பிளேடு வைத்துப் பார்த்தால் பெயிண்டுக்கு அடியில் பள்ளம் அடைக்கிற பட்டி, பட்டிக்கு அடியில் வேறு மரத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆணித்தலைகள் நாலைந்து. எப்போதோ வெள்ளமோ கரையானோ வந்து யாரோ ஒருவர் சிக்கனமாகச் சரி பண்ணியிருக்கிறார். சுரண்டுவதற்கு முன் இதை எல்லாரும் யோசிக்க வேண்டும்: பல இடங்களில் பெயிண்ட் மூடியிருப்பது அழகை அல்ல, ஒட்டை. உரித்து முடித்த பிறகு வெளிறிய ஒட்டுமரமும் பட்டி வெள்ளையும் ஆணித்துருவும் வெளியே வந்தால், மறுபடி பெயிண்ட்தான் அடிக்க வேண்டியிருக்கும், சுரண்டின கூலி தண்டம்.

தேக்குதானா என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டோம். நிலையின் பின்பக்கத்தில் உளியால் ஒரு சிறு சிராய் எடுத்தால் தெரிந்துவிடும். தேக்கின் வைரம், அதாவது நடுவில் இருக்கிற முற்றின மரம், புதிதாகச் சீவினால் தங்கப் பழுப்பு நிறத்தில், விரலில் லேசான எண்ணெய்ப் பசையோடு, செருப்புக் கடைக்குள் நுழைந்தமாதிரி ஒரு தோல் வாசனை அடிக்கும். நிலை முழுக்க வைரம், வெளிறு, அதாவது பட்டைக்கு அடியில் இருக்கிற வெளுத்த மரம், துளிக்கூட இல்லை. வெளிறு இருந்தால் அது தேக்கே ஆனாலும் கரையானும் உளுப்பூச்சியும் விடாது. தேக்கு கெடாது என்று நாம் சொல்வதெல்லாம் வைரத்துக்கு மட்டும்தான்.

கூடத்துத் தூண்கள்

முற்றத்தைச் சுற்றி நாலு தேக்குத் தூண்கள், கல் பாதத்தின்மேல், தலையில் உத்திரத்தைத் தாங்குகிற போதிகைக் கட்டையோடு. இவற்றில் பெயிண்ட் பட்டதே இல்லை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், முற்றத்தைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகும் தலையும் படுகிற இடத்தில், நாலு தூணிலுமே கறுத்த ஒரு பளபளப்பு இருக்கிறது. எண்பது தொண்ணூறு வருஷத்துத் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து ஏறினது. தூணின் முனைகள் அந்த இடத்தில் மட்டும் மழுங்கி உருண்டிருக்கின்றன. மேலே போதிகைக்குக் கீழே கை வைத்தால் தச்சரின் வாய்ச்சி உளியால் செதுக்கின தடம் சின்னச் சின்ன அலையாக விரலுக்குத் தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரியாது, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெரியும்.

பாலிஷ் கான்ட்ராக்டர் மெஷினில் இழைக்கச் சொன்னது இந்தத் தூண்களைத்தான். இழைத்தால் முதலில் போவது இந்தத் தடமும் அந்த மழுங்கலும். அப்புறம் கிடைப்பது நேற்றுக் கடையில் வாங்கின தூண். பி.யூ. நல்ல பூச்சுதான், மேஜைக்கோ மாடிப்படிக் கைப்பிடிக்கோ நானே போடச் சொல்வேன், ஆனால் அது ஒரு இடத்தில் உரிந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போட முடியாது, மொத்தத்தையும் இழைத்துவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும். பழைய மரத்தில் இப்படி ஒவ்வொரு தடவையும் ஒரு தோலை உரித்துக்கொண்டே போக முடியுமா?

தூணின்மேல் இருப்பது என்ன என்று பார்க்க, மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிஷம் வைத்தேன். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பாக ஒட்டியது. ஆக, இது அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் ஏற்றுகிற பழைய பாலிஷ்தான். எனாமலோ பி.யூ.வோ ஸ்பிரிட்டுக்கு இப்படி இளகாது. அரக்குப் பாலிஷில் ஒரு பெரிய வசதி, புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும், இழைக்கவே வேண்டாம். அதன் பலவீனமும் தெரிந்ததுதான், சூடான பாத்திரம் வைத்தாலோ தண்ணீர் தேங்கினாலோ வெள்ளை பூத்துவிடும். தூணின்மேல் யாரும் காப்பி டம்ளர் வைக்கப்போவதில்லை.

அதனால் தூணுக்கு நாங்கள் செய்தது கொஞ்சம்தான். மிதமான சோப்புத் தண்ணீரைப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் டர்பன்டைன் தொட்டு அழுக்கையும் பழைய மெழுகையும் எடுத்து, தண்ணியாகக் கரைத்த அரக்குப் பாலிஷ் இரண்டு மூன்று தடவை. மருமகளுக்கு அந்தக் கறுத்த இடம் அழுக்காகத்தான் பட்டது, அதை மட்டும் எடுத்துவிட முடியாதா என்று கேட்டார். மேலே இருந்த பிசுக்கு துடைத்ததிலேயே போய்விட்டது, உள்ளே இறங்கின நிறம் இழைத்தால்தான் போகும் என்றேன். "சரி, அது எங்க தாத்தா தலை" என்று மகன் சொன்னதும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

இருட்டுக்குக் காரணம் மரம் அல்ல

மருமகள் சொன்னதில் உண்மை இருக்கிறது. வீடு இருட்டுதான். பழைய மரத்துக்கு வெள்ளை அடிக்கச் சொல்பவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம், ஆனால் அந்த வீட்டில் சமைத்து, படித்து, பிள்ளைகளோடு இருக்கிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டாமா? மரத்தை விட்டுவிட்டு வெளிச்சம் எங்கே போனது என்று தேடினோம்.

முற்றத்தின்மேல் குரங்குத் தொல்லைக்காக யாரோ எப்போதோ பச்சை ஃபைபர் ஷீட் போட்டிருந்தார்கள். அதன்மேல் பாசியும் வேப்பிலைச் சருகும் சேர்ந்து, ஷீட் இருந்தும் கல் கூரை போட்ட மாதிரிதான். கூடத்துச் சுவர்களில் கரும்பச்சை டிஸ்டெம்பர். மச்சு மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளை வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் செங்கல்லைச் சாய்வாகக் குத்தி, சுண்ணாம்புக் காரை போட்டு மேலே தளம் எழுப்புகிற முறை. கட்டைகளுக்கு நடுவில் தெரிகிற செங்கல் பட்டிகள் அடுப்புப் புகையில் கட்டையை விடக் கறுத்துப் போயிருந்தன. ஆக மொத்தம், வெளிச்சம் உள்ளே வரவும் வழியில்லை, வந்ததும் திரும்பவும் வழியில்லை.

ஷீட்டை எடுத்துவிட்டுக் கம்பி கிரில், அதற்கு மேலே காற்று போக இடைவெளி விட்டுத் தெளிவான பாலிகார்பனேட் ஷீட். தாழ்வாரத்து ஓட்டில் நாலைந்து இடத்தில் கண்ணாடி ஓடு. சுவர்களுக்குச் சுண்ணாம்பு. மச்சில் செங்கல் பட்டிகளுக்கு மட்டும் வெள்ளை, கட்டைகளுக்கு ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு அடிக்கும்போது கட்டைகளின் பக்கங்களுக்குத் தாள் ஒட்டச் சொன்னேன், தேக்கில் சுண்ணாம்பு பட்டு நின்றால் அந்த இடம் கறுத்துவிடும். பெயிண்டர் இதற்குக் கொஞ்சம் முனகினார். முடிந்து கூடத்துக்கு நடுவில் நின்று பார்த்தபோது மருமகளே தூண்களுக்கு வெள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெள்ளைக்கு நடுவில் கட்டைகள் வரிசையாகத் தெரிந்தபோதுதான் அவை அங்கே இருப்பதே மகனுக்கும் கண்ணில் பட்டது.

கட்டைகளுக்கு பிரவுன் எனாமல் அடிக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு அழகு காரணம் இல்லை. கட்டையின் இரண்டு முனையும் சுவருக்குள் இருக்கிறது. பழைய சுவர் ஈரத்தை வாங்கும், விடும். கட்டையும் அப்படித்தான். அதன் உடம்பு முழுக்க எனாமல் தோல் போட்டால், முனை வழியாக ஏறின ஈரம் வெளியே வர வழி குறைகிறது, மரம் உள்ளுக்குள் இற்றுப்போவது வெளியே தெரியவும் தெரியாது. இந்த வீட்டிலேயே ஒரு கட்டையின் முனையில் ஸ்குரூ டிரைவரை அழுத்தினால் விரலளவு உள்ளே போனது. எப்படித் தெரிந்தது என்றால், அந்த முனையில் தண்ணீர் இறங்கின கறை வெள்ளையாகப் படிந்திருந்தது. மேலே தளத்துத் தண்ணீர் வடிகிற தூம்பு உடைந்து சுவருக்குள் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. தூம்பைச் சரிசெய்து, காயவிட்டு, இற்ற அளவை வெட்டி எடுத்து, பக்கத்தில் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டோம். போன தடவையே யாராவது பிரவுன் அடித்திருந்தால் அந்தக் கறை தெரிந்திருக்காது. மீதிக் கட்டைகளைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து, போரிக் ஆசிட் போராக்ஸ் கரைசலை இரண்டு கை அடித்தோம், உளுப்பூச்சிக்கு அது போதும். முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிக்கலாமே என்று தச்சர் கேட்டார், ஓட்டைத் தாங்குகிற கைமரத்துக்கு அது நல்ல வழக்கம்தான், ஆனால் கையில் பட்டால் கொப்பளிக்கும், வாடையும் சீக்கிரம் போகாது, ஆள் புழங்கும் கூடத்துக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

திண்ணைத் தூண்களுக்கு பெயிண்ட்

எல்லாரும் நான் மரத்தின் கட்சி என்று முடிவு கட்டியிருந்த நேரத்தில்தான் திண்ணைத் தூண்கள் இரண்டுக்கும் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். மகனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்னண்ணே, உள்ள இருக்கறதுக்கு அவ்வளவு பார்த்தீங்க, வாசல்ல எல்லாரும் பார்க்கற தூணுக்குப் போய் பெயிண்டா? தேருக்கு யாராவது பெயிண்ட் அடிக்கிறாங்களா? அது வெளியிலதானே நிக்குது?"

"தேர் வருஷத்துல ஒருநாள் ரெண்டு நாள்தான் தம்பி வெயில்ல வருது. மத்த நாளெல்லாம் மேல கூரையோ தகரமோ போட்டு மூடித்தானே வச்சிருக்காங்க. மூடி வைக்காம ஒரு தேரை விட்டுப் பாருங்க."

வெளியில் நிற்கும் மரத்துக்கு எதிரி தண்ணீர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வெயிலும் எதிரிதான். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் மரநார்களைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னின் என்ற பசையைச் சிதைக்கிறது. மேல்தோல் சாம்பலாகி உதிரத் தொடங்கும். தெளிவான வார்னிஷ் அடித்தால் கதிர் அதன் வழியாக உள்ளே போய் வார்னிஷுக்கு அடியில் இருக்கும் மரத்தின் தோலைச் சிதைக்கும், பிடித்துக்கொள்ள மரமே இல்லாமல் வார்னிஷ் செதில் செதிலாக உரியும். வாசலில் பாலிஷ் போட்ட கதவுகள் இரண்டு மூன்று மழைக்காலத்திலேயே சொறி பிடித்த மாதிரி ஆவதன் காரணம் இதுதான். பெயிண்டில் இருக்கிற நிறத்தூள் கதிரைத் தடுத்துவிடும். அதனால் மரத்தை மறைக்கிறது என்று நாம் குறை சொல்லும் அதே குணம்தான் வெளியில் அதைக் காப்பாற்றுகிறது.

இன்னொரு வழி எண்ணெய். ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து துணியால் ஏற்றலாம், உரியாது, மரமும் தெரியும். ஆனால் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஏற்ற வேண்டும். திண்ணை மேற்கே பார்த்தது. சாயங்கால வெயில் முழுக்க அந்த இரண்டு தூணில்தான், ஐப்பசி கார்த்திகையில் ஓட்டு நுனியிலிருந்து விழும் தண்ணீர் தரையில் பட்டுத் தெறிப்பதும் அதே தூணில்தான், கீழே ஓரடிக்கு மரம் சாம்பல் பூத்து வெடித்திருந்தது. மகன் இருப்பது சென்னையில். வீட்டில் இருப்பது அந்த அம்மா மட்டும். வருஷா வருஷம் ஆள் பிடித்து எண்ணெய் ஏற்றுவது யார்? மகன் நான் வருவேன் என்றார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்லவில்லை, தூண் பாதத்தில் இருந்த வெடிப்பைக் காட்டினேன். அப்பா போனபிறகு திண்ணைப் பக்கம் ஒரு கை பூச்சுக்கூட விழவில்லை என்பது அவருக்கே தெரியும்.

இரண்டு தூணுக்கும் கரும்பச்சை. கல் பாதத்தில் மரம் உட்காரும் அடிப்பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட் இல்லை, தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழி வேண்டும்.

நிலை, கஜலட்சுமி, மஞ்சள்

கதவுகளுக்கு முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது: ஒட்டுப் போட்ட கதவு, பிறந்ததிலிருந்து பச்சை, பச்சையே. பழைய பூச்சை மொத்தமாக எடுக்கவில்லை. உரிந்த இடத்தை மட்டும் தட்டி எடுத்து, ஓரங்களை நீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, மேலே அடித்தோம்.

நிலை மட்டும் வேறு கணக்கு. மேல்சட்டத்தில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, சுற்றிக் கொடி. பூச்சுமேல் பூச்சு ஏறி லட்சுமிக்குக் கண்ணும் மூக்கும் போய் முகம் வெறும் உருண்டையாக நின்றது, யானைத் துதிக்கை எது குடம் எது என்று தெரியவில்லை. மரம் முழு வைரம், ஒட்டு கிடையாது, திண்ணைக்கு உள்ளே தள்ளி இருப்பதால் மழை வெயில் நேராகப் படாது. உரிப்பதென்றால் இந்த வீட்டில் உரிக்கத் தகுந்த இடம் இது ஒன்றுதான். ஆரம்பத்தில் இதுவும் பச்சையாகத்தான் இருந்தது என்பதால் பழையபடி ஆக்குகிறோம் என்று சொல்ல முடியாது. செதுக்கினவர் கை தெரியட்டும் என்று எடுத்த முடிவு, அவ்வளவுதான்.

பழைய எனாமலில் ஈயம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் எவ்வளவு இருக்கும் என்று சொல்வதற்கில்லை, பச்சையும் மஞ்சளும் சிவப்பும் சந்தேகத்துக்கு முதலிடம். உலர்வாக மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்தத் தூள் திண்ணையெல்லாம் படியும், தவழுகிற பிள்ளை கையை வாயில் வைக்கும், ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புளோ லாம்ப் வைத்துச் சுட்டு எடுப்பது அதைவிட மோசம், ஆவியாகவே ஆளுக்குள் போகும். கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிற வீடு இது. ஜெல் மாதிரி ரிமூவரை அப்பி, ஊறவிட்டு, மூங்கில் சிம்பாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் தோண்டி எடுத்தோம், வெளிக்காற்றில், கையுறை போட்டு, கீழே பிளாஸ்டிக் விரித்து. காஸ்டிக் சோடா போட்டால் ஒரே நாளில் போய்விடும் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு, போகும், தேக்கும் கறுத்து நார் எழும்பிவிடும். ஒன்று சொல்லியாக வேண்டும்: இம்மாதிரி வேலையில் கழிகிற பெயிண்ட் பட்ட மரத்துண்டுகள் நேரே கொல்லையில் வெந்நீர் அடுப்புக்குப் போவது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து எரிக்காதீர்கள்.

லட்சுமியின் இடது கண் வெளியே வந்த அன்று தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கொடியின் இலை நரம்புகூட இருந்தது. ஆனால் இரண்டு முழ மேல்சட்டத்துக்கு ஆன கூலி, மற்ற எல்லாக் கதவு ஜன்னலுக்கும் பெயிண்ட் அடித்த கூலியை விட அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீடு முழுக்க உரிக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு சட்டத்தை உரித்துப் பார்த்துவிட்டு மீதிக்குக் கணக்குப் போடுங்கள். உரித்த நிலைக்கு ஆளிவிதை எண்ணெய்தான் ஏற்றினோம். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், கொடியில் விரித்துக் காயப் போட்டோம்.

நிலைப்படியில்தான் கடைசிச் சண்டை. படிக்கு மஞ்சள் எனாமல், அதன்மேல் வரிசையாகச் சிவப்புப் பொட்டு, பல வீடுகளில் இருப்பது போல. மருமகள், இதையும் எடுத்துவிட்டு முன்காலம் மாதிரி நிஜ மஞ்சளே பூசலாமே, மரமும் தெரியுமே என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும், வெள்ளிக்குவெள்ளி புதிதாகப் பூசினால் படிக்கு ஒன்றும் ஆகாது. அந்த அம்மா அப்போதுதான் இரண்டாவது தடவையாக வாய் திறந்தார்:

"பூசுறது யாரு? நீ மெட்ராஸ்லேர்ந்து வந்து பூசுவியா? முட்டிய மடக்கிக் குனிய முடியலைன்னுதானே இவுக அப்பா பெயிண்ட் அடிச்சுக் குடுத்துட்டுப் போனாரு."

மஞ்சள் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. புதுப் பொட்டும் வைத்துக் கொடுத்தோம்.

உள் அறைக் கதவுகள் வேம்பும் மாவும், நடுவில் ஒன்று பிளைவுட். அங்கே யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, இள மஞ்சள் கலந்த வெள்ளை. பழைய பாலிஷ் இருந்த இரண்டு கதவில் மட்டும் அடியில் அரக்குப் பிரைமர் அடிக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் மரத்துச் சாறு வெள்ளையைத் தாண்டிப் பழுப்புக் கறையாக மேலே வந்துகொண்டே இருக்கும், எத்தனை கை அடித்தாலும்.

கொல்லைக் கதவை இன்னும் தொடவில்லை. நாங்கள் அங்கே போவதற்குள் மழை பிடித்துவிட்டது, ஊறின மரத்துக்கு பெயிண்ட் அடித்தால் வெயில் வந்ததும் கொப்புளம் கட்டும். தை முடிந்து நன்றாகக் காயட்டும், மாசியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கீழ்ச்சட்டம் இற்றிருந்தால் அதை மாற்றிவிட்டு பெயிண்ட், இல்லையென்றால் நேராக பெயிண்ட்; அந்தக் கதவு விஷயத்தில் மகன், மருமகள், பெயிண்டர், நான் நாலு பேருக்கும் ஒரே கருத்துதான், நிறம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.